ட்ரம் பக்கத்தில் ஒரு லினக்ஸ் பெட்டி

தோல் பதனிடும் டேனரிக்காரர்கள் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மர ட்ரம் தேய்ந்தால் பலகையை மாற்றுவார்கள், பல்சக்கரத்தை மாற்றுவார்கள், மோட்டாரை ரீவைண்ட் பண்ணுவார்கள். ட்ரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பக்கத்தில் வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நாலைந்து வருஷத்தில் அந்த மாடல் நின்றுவிடும், விற்றவர் போனை எடுக்க மாட்டார், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்டி செய்கிற வேலை மட்டும் நிற்கக் கூடாது.

என் பிழைப்பு இந்தச் சந்தில்தான் ஓடுகிறது. இந்தப் பெட்டிகளுக்கு லினக்ஸ் இமேஜ் கட்டித் தருகிறேன். இமேஜ் என்றால் போட்டோ என்று நினைக்கிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய. பூட்லோடர், கெர்னல், ரூட் ஃபைல் சிஸ்டம், அதற்கு மேல் நம் புரோகிராம், எல்லாம் சேர்ந்த ஒரே கோப்பு அது. மெமரி கார்டிலோ போர்டில் இருக்கும் ஈஎம்எம்சியிலோ எழுதிக் கரண்ட் கொடுத்தால், விசைப்பலகை மானிட்டர் எதுவும் இல்லாமல் தானாக எழுந்து வேலையைப் பார்க்க வேண்டும்.

தோல் ஊரில் லினக்ஸுக்கு என்ன வேலை என்று கேட்டால், பாலாற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பாக அதைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். சட்டம் படிக்கிற பையனுக்கு அது ஒரு வழக்கின் பெயர். எங்களுக்கு அது ஆறு. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் திரும்ப எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. டேனரி அந்தப் பதினேழில் ஒன்று. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாறு, இதே டேனரிகள் பற்றி நீண்ட தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன. பிரச்சினை மட்டும் பிரியவில்லை.

ஆன்லைன் கண்காணிப்பு என்றால் நடைமுறையில் என்ன? குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர். தொட்டியில் பிஹெச் சென்சார். வெளியே விடாத நிலையம் என்றால், வெளியே விடவில்லை என்று காட்ட ஒரு கேமரா. சென்சார்களிலிருந்து ஆர்.எஸ்-485 என்கிற இரட்டைக் கம்பி வரும். அதில் மாட்பஸ் ஓடும். 1979-ல் வந்த அந்த நெறிமுறை இன்னும் சாகவில்லை, சாகாது என்றே நினைக்கிறேன். கம்பியின் இந்த முனையில் ஒரு சின்னப் பெட்டி, அளவைப் படித்துச் சேமித்து, 4ஜி வழியாக வாரியத்தின் சர்வருக்கு அனுப்பும். அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ்.

எல்லா நிலையத்திலும் ஒரே பெட்டியாக இருந்தால் எனக்கு வேலையே இருக்காது. கன்ட்ரோல் ரூமில் பழைய பேனல் பிசி ஒன்று இருக்கும், இன்டெல் ஆட்டம் என்270 வகை, 32-பிட் மட்டும். மின் பெட்டிக்குள் தண்டவாளம் மாதிரியான கம்பியில் மாட்டுகிற கேட்வே ஒன்று, அதில் ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8. பீகிள்போன் பிளாக் போர்டில் 2013-லிருந்து இருக்கிற அதே வகை சிப். புதிதாக வைத்த இடங்களில் ராஸ்பெர்ரி பை 4, அது 64-பிட் ஆர்ம். நடுவில் 2021, 22-ல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. பை கிடைக்கவே இல்லை. அப்போது சென்னை ரிச்சி தெருவில் என்ன போர்டு கிடைத்ததோ அதை வாங்கி மாட்டினார்கள். இதற்கு மேல் 4ஜி ரவுட்டர், அதற்குள் மிப்ஸ் பிராசசர். ஒரே வளாகத்துக்குள் நாலு ஜாதிப் பிராசசர்.

ஒன்றில் ஓடுகிற கோப்பை இன்னொன்றில் காப்பி பண்ணினால் ஓடாது. ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று ஒரே வரியில் முகத்தில் அடிக்கும். பிராசசருக்குப் புரியும் கட்டளைத் தொகுதி வேறு. அவ்வளவுதான் விஷயம், இதற்குக் கம்பைலரை மாற்றினால் போதும். உண்மையான தலைவலி அடுத்த படியில் இருக்கிறது. இன்டெல் வழி வந்த பிசியில் கெர்னல் எழுந்ததும் ‘இங்கே என்னென்ன இருக்கிறது’ என்று கேட்டால், பயாஸும் பிசிஐ பஸ்ஸும் பதில் சொல்லும். ஆர்ம் போர்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. சீரியல் போர்ட் எந்த முகவரியில், எந்த ஊசி எந்த வேலைக்கு, எந்த சிப் எந்த ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் என்று எல்லாவற்றையும் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் கெர்னலுக்குள்ளேயே சி கோப்பாக எழுதித் தள்ளினார்கள். 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகித் திட்டிய பிறகு ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ என்ற தனிக் கோப்புக்கு மாறியது. இப்போது ஒரே கெர்னல், போர்டுக்கு ஒரு டிவைஸ் ட்ரீ.

டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு சுலப வழி உண்டு. டெக்னீசியன் கையில் இருக்கும் ரெசிபி அட்டையில் கிலோ எழுத மாட்டார், சதவீதம்தான் எழுதுவார். சுண்ணாம்பு எடுத்த தோலின் எடைக்கு 8 சதவீதம் குரோம் பவுடர் என்றால், ஆட்டுத்தோல் என்றாலும் மாட்டுத்தோல் என்றாலும் அட்டை கிட்டத்தட்ட ஒன்று. எடையும் ட்ரம் ஓடும் நேரமும்தான் மாறும். அந்த மாதிரி ஒரு அட்டை கையில் இருந்தால், எந்தப் பிராசசருக்கும் இமேஜ் எடுத்துவிடலாம். அட்டையைத் தொலைத்துவிட்டு முடிந்த தோலை மட்டும் வைத்திருப்பவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். ‘ஓடுகிற கார்டு இருக்கு சார், இதையே காப்பி பண்ணிக் கொடுங்க.’ காப்பி பண்ணலாம். அதே போர்டு கிடைக்கிற வரைக்கும்.

அட்டை எழுத மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் சரிசமமாகப் புகழ எனக்கு மனசில்லை.

முதல் வழி, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு. டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவியிடம் ‘ஆர்ம்64-க்கு ஒரு அடிப்படை டெபியன் கொடு’ என்றால் ஒரு ஃபோல்டரில் இறக்கித் தரும். உங்கள் லேப்டாப் இன்டெல்தானே, அதற்குள் ஆர்ம் புரோகிராம் எப்படி ஓடும்? அங்கே இன்டெல்லை ஆர்ம் மாதிரி நடிக்க வைக்கும் க்யூஎமு வருகிறது. ஃபாப்ரிஸ் பெலார் 2003-ல் வெளியிட்டது. கெர்னலில் பின்ஃபார்ம்ட்-மிஸ்க் என்று ஒரு வசதி உண்டு: இந்தத் தலைப்போடு ஆரம்பிக்கும் கோப்பு வந்தால் அதைக் க்யூஎமுவிடம் கொடு என்று முன்கூட்டியே பதிந்து வைத்துவிடலாம். பிறகு அந்த ஃபோல்டருக்குள் சிஎச்-ரூட் பண்ணி நுழைந்தால், இன்டெல் லேப்டாப்பில் உட்கார்ந்தபடி ஆர்ம் டெபியனில் ஆப்ட் கட்டளை கொடுக்கலாம். முதல் முறை பார்க்கும்போது மாயாஜாலம் மாதிரி இருக்கும். மெதுவாக ஓடும், அது ஒன்றுதான் குறை. ஒன்றிரண்டு பெட்டி வைக்க, சீக்கிரம் முடிக்க, இது போதும்.

ஆர்மில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், அங்கே உட்பிரிவுகள் உண்டு. 2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையின் சிப் ஆர்ம்வி6. டெபியனின் ஆர்ம்-எச்எஃப் பதிப்போ ஆர்ம்வி7-லும் அதற்கு மேலும்தான் ஓடும். தசமக் கணக்கு போடும் வன்பொருள் பையில் இருந்தும் அதைப் பயன்படுத்தும் டெபியன் அதற்கு இல்லை. மைக் தாம்சனும் பீட்டர் கிரீனும் உட்கார்ந்து டெபியனின் ஆயிரக்கணக்கான பொதிகளை ஆர்ம்வி6-க்காக மறுபடி கம்பைல் செய்தார்கள். ராஸ்பியன் அப்படிப் பிறந்ததுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பை போனதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்கு அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்து வந்த லினக்ஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை.

இரண்டாவது வழி பில்ட்ரூட். நான் இந்தக் கட்சி. ஒரு மெனு வரும், அதில் பிராசசர், கெர்னல், சி நூலகம், வேண்டிய பொதிகள் என்று டிக் அடித்து மேக் கொடுத்தால், கம்பைலரையே முதலில் மூலத்திலிருந்து கட்டி, அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் கட்டி, கடைசியில் எஸ்டிகார்ட் இமேஜ் ஒன்றை வைக்கும். என் தேர்வுகள் மொத்தமும் ‘டெஃப்கான்ஃபிக்’ என்ற சின்ன எழுத்துக் கோப்பில் அடங்கிவிடும், வாட்ஸ்அப்பில் அனுப்புகிற அளவு. பேனல் பிசிக்கு ஒன்று, கார்டெக்ஸ்-ஏ8-க்கு ஒன்று, பை 4-க்கு ஒன்று. நம் சொந்தப் புரோகிராமும் அமைப்புக் கோப்புகளும் வெளியே தனி ஃபோல்டரில், மூன்றுக்கும் பொது. வந்து நிற்கும் இமேஜ் சில பத்து எம்பிதான். டெபியன் அதைப் போலப் பல மடங்கு. பெட்டிக்குப் போன பிறகு ஆப்ட் கிடையாது, ஒரு பொதியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, முழு இமேஜையும்தான் மாற்ற வேண்டும். இதைக் குறை என்பார்கள். சுத்திகரிப்பு நிலைய அறையில் நடுராத்திரி யாரும் ஆப்ட் அப்கிரேட் கொடுக்க முடியாது என்பது எனக்கு நிம்மதி.

மூன்றாவது யோக்டோ, 2010-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்தது. அடுக்கு அடுக்காக வேலை செய்யும். மெஷின் என்ற ஒரு மாறியை மாற்றினால் மொத்தமும் வேறு போர்டுக்குக் கட்டும். கார் கம்பெனி, டிவி கம்பெனி எல்லாம் இதில்தான். நூறு ஜிபி டிஸ்க்கும் நல்ல ராமும் வேண்டும், கற்றுக்கொள்ளப் பொறுமை அதைவிட அதிகம் வேண்டும். சிப் கம்பெனிகள் தங்கள் ஆதரவை யோக்டோ அடுக்காகவே தருவதால் சில போர்டுகளுக்கு வேறு வழியில்லை. ஒரு ஆள், சில பெட்டிகள் என்கிற என் கணக்குக்கு அது ஒவ்வாது.

எந்த வழியில் கட்டினாலும், மேஜையில் ஓடுவது வேறு, டேனரியில் ஓடுவது வேறு. ஒரு நிலையத்தில் வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி. ஆபரேட்டர் அண்ணன் போனில் பிடித்தார்.

“தம்பி, டேட்டா போகலன்னு ஆபீஸ்ல சத்தம் போடுறாங்க. பெட்டியில தேதி 1970-ன்னு காட்டுது. நான் அப்ப பொறக்கவே இல்லப்பா.”

“ராத்திரி கரண்ட் போச்சாண்ணே?”

“ரெண்டு வாட்டி. ஜெனரேட்டர் எடுக்கறதுக்குள்ள யுபிஎஸ்ஸும் படுத்துடுச்சு.”

“மணி அஞ்சரையில ஆரம்பிச்சு ஓடுதாண்ணே?”

“ஆமா, எப்படிச் சொல்றீங்க?”

லினக்ஸின் காலம் 1970 ஜனவரி 1 நள்ளிரவில் ஆரம்பிக்கிறது, அது கிரீன்விச் நேரம். நமக்கு அது காலை 5.30. பெட்டிக்குள் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லையென்றால் கரண்ட் வந்ததும் அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும். ராஸ்பெர்ரி பையில் 2023-ல் பை 5 வரும் வரைக்கும் கடிகாரமே கிடையாது. பீகிள்போன் பிளாக் சிப்பில் கடிகாரம் உண்டு, பேட்டரி இணைப்பு இல்லை, விளைவு ஒன்றுதான். தேதி தவறினால் அளவுகள் தப்பான தேதியில் பதிவாவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சர்வரோடு பாதுகாப்பு இணைப்பு எடுக்கும்போது, ‘இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று பெட்டி மறுத்துவிடும். 1970-ல் நின்றுகொண்டு பார்த்தால் அது சொல்வது சரிதானே.

மருந்து மலிவு. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப், ஒரு பட்டன் செல். ஆனால் சிப்பை மாட்டினால் மட்டும் போதாது, இமேஜும் மாற வேண்டும். டிவைஸ் ட்ரீயில் ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸின் கீழே 68 என்ற பதினாறடிமான முகவரியில் இந்தச் சிப் இருக்கிறது என்று எழுத வேண்டும். கெர்னல் மெனுவில் இந்தச் சிப்பைத் தேடிப் போனால் வேறு ஒரு சிப் வரிசையின் டிரைவர் கண்ணில் பட்டு ஏமாற்றும். நமக்கு வேண்டியது டிஎஸ்1307 என்ற பழைய சிப்பின் பெயரில் இருக்கிற டிரைவர், டிஎஸ்3231-ஐயும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. அதை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவதே பாதுகாப்பு. கெர்னல் எழும்போதே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். மாட்யூல்கள் அதற்கு அப்புறம்தான் ஏறும். இதில் எதையாவது கோட்டைவிட்டால் அண்ணன் மறுபடி போன் பண்ணுவார்.

கரண்ட் போவது கடிகாரத்தோடு நிற்காது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மெமரி கார்டின் ஃபைல் சிஸ்டம் சிதையும். அதனால் என் இமேஜ்களில் ரூட் எப்போதும் ஸ்குவாஷ்எஃப்எஸ், படிக்க மட்டும். அளவுகள் போய்ச் சேர வேறு பார்ட்டிஷன். அது சிதைந்தாலும் பெட்டி எழுந்துவிடும். சிஸ்டத்துக்கே இரண்டு பார்ட்டிஷன் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதில் புதிய இமேஜை எழுதி, எழவில்லையென்றால் பழையதற்கே திரும்பச் செய்வேன். ஜெர்மனிக்காரர்கள் எழுதிய ராக் என்ற கருவி இதைச் செய்து தருகிறது. மாதனூர் தாண்டி ஒரு நிலையத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கார்டு மாற்றுவதை இது மிச்சப்படுத்துகிறது.

இன்னொரு எதிரி காற்றில் இருக்கிறது. முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீர் மற்ற தண்ணீரோடு கலந்து பிஹெச் இறங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை. மனிதருக்கே ஆபத்தான வாயு, சர்க்யூட்டை விட்டுவைக்குமா? செம்பு கறுக்கும், ரிலேவின் வெள்ளி முனை கறுக்கும். போர்டுக்கு மேல் பூச்சு அடிப்பதும் மூடிய பெட்டியில் வைப்பதும் வன்பொருள்காரர் வேலை. என் பங்குக்கு, கழற்றி மாட்டும் கார்டைத் தவிர்த்துப் போர்டிலேயே ஒட்டிய ஈஎம்எம்சியில் எழுதும்படி இமேஜைக் கட்டுவேன். தொடும் முனை குறையக் குறைய நல்லது.

இனி 2038. சிரிக்காதீர்கள். 32-பிட் கணக்கில் நொடிகளை எண்ணும் புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19-ல் எண்ணிக்கை தீர்ந்துவிடும். நம் நேரப்படி செவ்வாய்க்கிழமை காலை 8.44. ஷிப்ட் ஆரம்பித்துச் சற்று நேரத்தில். இப்போதைய போன்களில் பெரும்பாலும் 64-பிட், அங்கே கவலையில்லை. கார்டெக்ஸ்-ஏ8 வைத்த கேட்வே அன்றும் ஓடிக்கொண்டிருக்குமா? ட்ரம்மை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் ஓடும் என்றுதான் சொல்வேன். கெர்னல் 2020-ல் வந்த 5.6 பதிப்பிலேயே 32-பிட்டிலும் இதைத் தாண்டத் தயாராகிவிட்டது. மசல் என்ற சி நூலகம் அதே வருஷம் 1.2 பதிப்பில் மாறியது. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் ஆர்ம்-எச்எஃப்பின் ஆயிரக்கணக்கான பொதிகளை 64-பிட் நேரத்துக்கு மாற்றிக் கட்டியது. அதே பதிப்பில் 32-பிட் பிசிக்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் போய்விட்டன, ஆட்டம் பேனல் பிசிக்கு இனி டெபியன் வழி அடைப்பு. நான் அதைப் பில்ட்ரூட்டில் மசல் வைத்துக் கட்டுகிறேன். சோதிக்க 2038 வரை காத்திருக்க வேண்டாம். க்யூஎமுவுக்கு ஆர்டிசி நேரத்தை 2038 ஜனவரி 19, 03:14:00 என்று கொடுத்து எழுப்பினால் எட்டு விநாடியில் தெரிந்துவிடும். யாரிடமாவது பெட்டி வாங்கும்போது இந்தச் சோதனையைக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்.

வாடிக்கையாளரிடம் இமேஜோடு சேர்த்து நான் ஒரு ஹார்ட் டிஸ்கும் கொடுக்கிறேன். அதில் டெஃப்கான்ஃபிக்குகள், டிவைஸ் ட்ரீ, எங்கள் புரோகிராமின் மூலம், பில்ட்ரூட்டின் அதே பதிப்பு, ‘மேக் சோர்ஸ்’ கொடுத்து இறக்கிய எல்லாப் பொதிகளின் மூலக் கோப்புகளும் இருக்கும். இணையத்தில் இன்று இருக்கும் கோப்பு பத்து வருஷம் கழித்து அதே முகவரியில் இருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. இன்டர்நெட் இல்லாத அறையில், வேறு ஒரு பையன் உட்கார்ந்து மேக் கொடுத்தால் அதே இமேஜ் வர வேண்டும். இதைக் கொடுத்தால் அடுத்த வேலைக்கு உங்களைக் கூப்பிடுவார்களா என்று தொழில் செய்யும் நண்பர்கள் கேட்கிறார்கள். பூட்டி வைத்தவர்களின் பெட்டிகளைத் திறக்கத்தானே இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஐந்தாவது ஜாதிப் பிராசசரும் வாசலில் நிற்கிறது. ரிஸ்க்-ஃபைவ். யாருக்கும் உரிமத் தொகை கட்டாமல் யாரும் சிப் செய்துகொள்ளலாம் என்கிற திறந்த கட்டளைத் தொகுதி. இங்கிருந்து ரயிலில் சில மணி நேரத் தூரம்தான், சென்னை ஐஐடியில் சக்தி என்ற பெயரில் இந்த வகைப் பிராசசரை வடிவமைத்து 2018-ல் அதில் லினக்ஸை எழுப்பிக் காட்டினார்கள். டெபியன் 13 ரிஸ்க்-ஃபைவ் 64-பிட்டை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. பில்ட்ரூட்டில் நம் அட்டையை எடுத்து, பிராசசர் வரியை மட்டும் மாற்றிக் க்யூஎமுவின் ரிஸ்க்-ஃபைவ் மெஷினுக்குக் கட்டினேன். கெர்னல் எழுந்தது. மாட்பஸ் படிக்கும் புரோகிராம் ஒரு எழுத்தும் மாறாமல் ஓடியது, சேமிப்பதும் அனுப்புவதும் அப்படியே. மாட்டிக்கொண்ட இடம் கேமரா. அதன் நூலகத்தை விற்றவர்கள் மூலக் கோப்புகளைத் தரவில்லை, இன்டெல்லுக்கும் ஆர்முக்கும் கம்பைல் செய்த கோப்பு மட்டும்தான் தந்திருக்கிறார்கள். மெயில் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரைக்கும், கேமரா இருக்கிற நிலையங்களில் ஆர்ம்தான்.